கோவை லேத் பட்டறை ஐயாவுக்கு நன்றி

அப்பாவின் பழைய புல்லட் 350 மீண்டும் ஓடுகிறது. பிஸ்டன் ஏறி இறங்கும் அதன் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் தேய்ந்து, வட்டம் குலைந்திருந்தது. புதிது வாங்கச் சொன்னவர்களே அதிகம். நீங்கள்தான் ஐயா, "வார்ப்பிரும்பு, கடைவதற்கு இன்னும் சதை இருக்கிறது" என்று தைரியம் தந்தீர்கள். அரை மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டனை வரவழைத்து, அதைக் கையில் வாங்கி அளந்த பிறகே, அதற்கேற்ப சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டீர்கள். எத்தனை பேர் அப்படிப் பொறுமையாகச் செய்கிறார்கள்! கிராங்கையும் பிரித்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் தேய்ந்த புஷ் என்ற உலோக வளையத்தை மாற்றி, எண்ணெய் வரும் துளைகளில் அடைத்திருந்த கசடு முழுவதையும் எடுத்தீர்கள். நான் கேட்காத வேலை அது. அதற்குத் தனிக் கூலியும் வாங்கவில்லை. பெயரைக் கேட்டபோதும், "முதல் 500 கிலோமீட்டர் முறுக்காதீர்கள், தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள். அப்படியே ஓட்டுகிறேன், ஐயா. மனமார்ந்த நன்றி.