செப்டிக் டேங்க் பலகை பிரிக்கிறவங்க கவனத்துக்கு
மேஸ்திரிங்க, சென்ட்ரிங் ஆளுங்க எல்லாரும் இத படிங்க. இப்ப மழைக்கு முன்னாடி கடலூர்ல சம்ப், செப்டிக் டேங்க்ல கான்கிரீட் போட அடிச்ச சென்ட்ரிங் பலகைய பிரிக்கிற வேலை நெறைய ஓடுது. புது டேங்க் தானே, கழிவே இல்லையேன்னு நெனச்சு எறங்கிடாதீங்க, வாரக்கணக்கா மூடிக் கெடந்த குழியில ஈரப் பலகை மக்கி ஆக்சிஜன் கொறஞ்சு போயிருக்கும், நாத்தமும் வராது, எறங்குனவரு சட்டுனு மயங்கிடுவாரு, அவர தூக்கப் போறவரும் அங்கயே விழுவாரு, சாவு ரெண்டு மூணா ஆகுறது இப்படித்தான். மூடிய எல்லாம் மொதநாளே தொறந்து வைங்க, உள்ள காத்து அடிக்க ப்ளோயர் போடுங்க, இடுப்புல கயிறு கட்டி மேல ஆள் நிறுத்தாம யாரும் எறங்க வேணாம். யாராச்சும் விழுந்தா பின்னாடியே குதிக்காதீங்க, 112க்கு அடிங்க. ஓனர் அவசரப்படுத்துனா என்கிட்ட பேசச் சொல்லுங்க. இன்னொண்ணு, மாடியில கம்பி தூக்குறவங்க ஈபி லைன பாத்து தூக்குங்க.