கழித்தலை முதலில் நாம் போட்டுக் காட்டுவோம்

கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை நான். ஆசிரியர் பேச்சைக் குறைத்து, பிள்ளைகளே கண்டுபிடிக்க விட வேண்டும் என்று பயிற்சிகளில் கேட்கிறோம். பல பாடங்களுக்கு அது சரி. கடன் வாங்கிக் கழித்தலுக்கு ஒத்துவராது.

52-இல் 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. பெரியதிலிருந்துதான் சிறியதை எடுக்க முடியும் என்று தானே ஒரு விதியைக் கண்டுபிடித்து, 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. குழுவில் விட்டால் நாலு பேரும் 35 எழுதுவார்கள், அதுவும் ஒற்றுமையாக!

இங்கேதான் நேரடிக் கற்பித்தல் வேண்டும். முதலில் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுகிறேன்: "ரெண்டுல ஏழு போகுமா? போகாது. பக்கத்துல ஒரு பத்து வாங்கு. அஞ்சு நாலாச்சு, ரெண்டு பன்னிரண்டாச்சு." அடுத்த கணக்கை எல்லோரும் சேர்ந்து. அப்புறம் சிலேட்டில் தனித்தனியாக. ஒவ்வொரு முறையும் அதே சொற்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது அந்த மாறாத சொற்களைத்தான்.

இடையில் 57-இல் 24 என்று கடன் தேவைப்படாத கணக்கையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எல்லா இடத்திலும் கடன் வாங்கி, 17-இல் 4 போனால் 13, 4-இல் 2 போனால் 2 என்று போட்டு, 213 என்று எழுதி வைப்பார்கள். 1960களில் நேரடிக் கற்பித்தல் முறையை வளர்த்த அமெரிக்கர் சீக்ஃபிரிட் எங்கெல்மன் இதில் கறாராக இருந்தார்: எது பொருந்தும் என்பதோடு எது பொருந்தாது என்பதையும் காட்டியாக வேண்டும்.

இதை விரிவுரை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் பேசுவது இரண்டு மூன்று நிமிடம். பிறகு கேள்வி, பதில், திருத்தம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்றுதான் வரும், அதை நம்பக் கூடாது. சிலேட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். பத்து விடைகளில் குறைந்தது எட்டு சரியாக வர வேண்டும் என்பது பராக் ரோசன்ஷைன் என்ற கல்வி ஆய்வாளர் சொல்லும் அளவு. வராவிட்டால் மறுபடி போட்டுக் காட்ட வேண்டியதுதான்.

என் வேண்டுகோள் இரண்டு. வகுப்பைப் பார்வையிட வரும்போது, நாங்கள் எவ்வளவு நேரம் பேசினோம் என்பதை விட, எத்தனை சிலேட்டுகளைப் பார்த்துத் திருத்தினோம் என்று குறியுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் அடுத்த குறுவள மையப் பயிற்சியில் பிபிடி திரைக்காட்சி வேண்டாம். பிள்ளைகளை உட்காரவைத்து நீங்களே ஒரு கழித்தல் வகுப்பு எடுங்கள். நாங்கள் பின்வரிசையில் இருந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு இடைநிலை ஆசிரியை