கையை மூடச் சொன்னால் போதுமா?

மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்களுக்கும், சான்று வழங்கும் முகாம்களில் உட்காரும் மருத்துவர்களுக்கும் மதுரையிலிருந்து வணக்கம்.

முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி இறுகும் நோய், வந்தவர்களுக்குக் குறைபாட்டுச் சதவீதம் போடும் முறை பற்றித்தான் இந்த மடல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. முடக்குவாதம் அதில் தனியாக இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற கணக்கில்தான் வர வேண்டும். அதிலும் 40 சதவீதம் தொட்டால்தான் சலுகைகளுக்கு வழி. சரி, அளக்கத்தான் வேண்டும். எப்போது, எதை அளக்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

இந்த நோயில் விடிகாலையில்தான் மூட்டு இறுகிக் கிடக்கும். பலருக்கு அந்த இறுக்கம் விலக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகாமில் பெயர் கூப்பிடும் உச்சிவேளையில், மாத்திரை வேலை செய்து விரல்கள் கொஞ்சம் இளகியிருக்கும்.

எங்கம்மா சுங்குடிச் சேலைக்குச் சாயத்துக்கு முன் முடிச்சுப் போட்டவர். துணியை நகத்தால் கிள்ளிப் பிடித்து, நூலைச் சுற்றி இறுக்கும் வேலை. இப்போது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காலையில் காபி தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குகிறார். ரவிக்கைக் கொக்கியை நான் மாட்டிவிடுகிறேன். முகாமில் “கையை மூடுங்கம்மா, நடங்கம்மா” என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார், நடந்தார். “நல்லாத்தானே மடங்குது” என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சொன்னால் வலித்தாலும் செய்து காட்டுவதுதான் மரியாதை என்று வளர்ந்த தலைமுறை அது.

கைக்கான உங்கள் வழிகாட்டுதலிலேயே பிடிமானத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்ப்பது, சாவி பிடிப்பது, உருண்டைப் பொருளைப் பிடிப்பது எல்லாம் அதில் வருகின்றன. அவற்றைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். வாதநோய்ப் பிரிவில் மாதக்கணக்காக எழுதிய நோட்டையும் எக்ஸ்ரேயையும் புரட்டுங்கள். காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், தகுதியில்லை என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை, விதியில் உள்ளது. அதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. கையில் ஒரு தாள்கூட இல்லாமல், உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் எதைக் காட்டி முறையிடுவார்கள்?

ஆணையர் அவர்களே, பிடிமானத்தை அளப்பதையும் காரணம் எழுதித் தருவதையும் கட்டாயமாக்கி, அடுத்த முகாமுக்கு முன் எல்லா மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள்.