நன்றி மடல்: பக்கத்துக் கடையில் பொங்கிய மாவு

இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரத்து நண்பர்களுக்கும், லீட்ஸ், பிராட்ஃபோர்ட் எனப் பக்கத்து ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் வணக்கம்.

விருது அறிவிக்கப்பட்டு நான்கு நாள்களாகின்றன. இந்த வட்டாரத்தின் சிறிய உணவகங்களுக்கு வழங்கப்படும் உணவு விருது, 28 இருக்கைகளே கொண்ட எங்கள் கடைக்குக் கிடைத்திருப்பதை நானும் என் மனைவியும் இன்னும் முழுதாக நம்பியபாடில்லை. ஆங்கிலத்தில் எழுதிய நான்கு வரி நன்றி அறிவிப்பு கடைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அந்த நான்கு வரியில் அடங்காதவற்றை எனக்குத் தடையின்றி வரும் மொழியில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதால் இந்த மடல்.

ஜனவரியில் எங்கள் கடை நீரில் மூழ்கிய கதையை நான் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. இதைப் படிக்கும் பலர் அந்தச் சனிக்கிழமை இரவில் எங்களோடு கணுக்கால் நீரில் நின்றவர்கள்; மற்றவர்கள் மறுநாள் காலைக்குள் கேள்விப்பட்டவர்கள். அதற்குப் பின் வந்த ஆறு வாரங்களைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கடையைத் திறந்துவிட்டோம், அடுப்பும் எரிந்தது, இரவல் வாங்கிய மின் கணப்புகளை மேசைகளுக்கு நடுவே வைத்து விருந்தினரையும் அமரவைத்துவிட்டோம். ஆனால் கட்டடத்தின் சூடேற்றி இயங்காததால், அடுப்பை அணைத்த சில மணி நேரத்தில் அடுக்களை ஒன்பது டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்காது.

தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் கலந்து அரைத்த மாவை, மதுரையில் எங்கள் வீட்டில் இரவு மூடிவைத்தால் விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். உளுந்தோடு வரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இளஞ்சூட்டில் பெருகிக் காற்றை உண்டாக்குவதால்தான் மாவு பொங்குகிறது. முப்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓர் இரவில் முடியும் அந்த வேலை, பத்து டிகிரியில் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. உப்பைப் புளித்த பிறகு போடு, கையால் கலக்கு, கம்பளியைச் சுற்று என்று என் அம்மா தொலைபேசியில் சொன்னதை எல்லாம் செய்தோம். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வரவழைத்த பெரிய கிரைண்டர் தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. ஆனாலும் காலையில் வாளியைத் திறந்தால் மாவு அரைத்த மட்டத்திலேயே கிடக்கும்.

ஒரு நாள் அதிகாலையில், கடைக்குப் பின்னால் உள்ள சந்தில், இரண்டு வாளி மாவைக் குப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். அரைத்த அரிசியைக் கொட்டுவது எங்கள் வீட்டில் பாவமாகக் கருதப்படுவது. யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தேன். பக்கத்து ரொட்டிக்கடைப் பெரியவர் பார்த்துவிட்டார். நான்கு ஆண்டுகளாக அவருக்கும் எங்களுக்கும் வானிலை பற்றிய பேச்சுக்கு மேல் எதுவும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் பெருங்காயத் தாளிப்பின் மணம் அவருடைய ரொட்டிகளில் ஏறுகிறது என்று கடை திறந்த புதிதில் ஒருமுறை வந்து முறையிட்டவர் அவர். அதனால் சற்று ஒதுங்கியே இருந்தோம்.

அவர் ஒன்றும் கேட்காமல் வாளிக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், ஈஸ்ட் சேர்ப்பதுண்டா என்று கேட்டார். இல்லை, தானாகவே பொங்கும் என்றேன். அவர் முகம் மாறியது. தன் புளிமாவு ரொட்டிக்கு அவரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. தாய்மாவு ஒன்றை 19 ஆண்டுகளாக நாள்தோறும் மாவும் நீரும் ஊட்டிக் காப்பாற்றி வருகிறார். மறுபேச்சில்லாமல் என்னை உள்ளே அழைத்துச் சென்று, ரொட்டி மாவை உப்பவைக்கும் ஆளுயர வெப்ப அலமாரியைத் திறந்து காட்டினார். மாலை ஆறு மணி முதல் இரவு இரண்டு மணி வரை அது சும்மாதான் இருக்கிறது, உன் வாளிகளை இங்கே கொண்டுவந்து வை என்றார்.

அன்று மாலையே தன் கடைச் சாவியின் நகலை என் கையில் கொடுத்தார். இரவு இரண்டு மணிக்கு வேலை தொடங்குகிறவர் மாலை ஏழு மணிக்கே உறங்கப் போய்விடுவார். நாங்கள் மாவரைத்து முடிக்கும் நேரத்துக்காக அவரை விழித்திருக்கச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் சாவி. ஆறு வாரமும் ஒவ்வொரு மாலையும் நான்கு வாளிகளைச் சந்து வழியாகத் தூக்கிச் சென்று வைத்தோம். இரண்டு மணிக்கு அவர் வந்து, தம் ரொட்டிகளுக்காக அலமாரியைக் காலி செய்து, எங்கள் வாளிகளை அடுப்பின் பக்கவாட்டில் வரிசையாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும்: எத்தனை மணிக்கு எடுத்தார், எத்தனை அங்குலம் உயர்ந்திருந்தது என்று பென்சிலால் எழுதியிருப்பார். யாரும் கேட்காத கணக்கு அது. அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட நான் எறியவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் உளுந்து சற்றுக் கூடிவிட்டது. மறுநாள் காலையில் நான் போனபோது வாளிகள் துடைத்து வைத்தாற்போல் இருந்தன; சீட்டில் வழக்கம்போல் நேரமும் அளவும் இருந்தன. ஒரு வாரம் கழித்து, அலமாரியின் அடித்தட்டுக் கம்பிகளின் இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்த திட்டுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மாவு வழிந்து தட்டுகள் முழுவதும் ஓடியிருக்கிறது. ரொட்டி சுட வேண்டிய அந்த இரவில், தனியாளாக எல்லாவற்றையும் கழுவிவிட்டு, அதைப் பற்றி ஒரு சொல்கூட அவர் எங்களிடம் பேசவில்லை. கேட்டபோதும், நல்ல மாவு என்றால் வழியத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

விருதுக்கான நடுவர்கள் தாங்கள் யாரென்று சொல்லாமல் வந்து உண்டது அந்த வாரங்களில்தான் என்று இப்போது தெரிகிறது. அவர்கள் குறிப்பிட்டுப் பாராட்டியிருப்பது இட்லியையும், அதனோடு வைத்த, ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த தொக்கையும். வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவே விளையும் இந்த இளஞ்சிவப்புத் தண்டின் புகழ் இங்கு எல்லோருக்கும் தெரியும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்த் தகுதியும் பெற்றது. இரண்டு ஆண்டு வயலில் வளர்ந்து உறைபனி கண்ட கிழங்குகளை இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தண்டு பறிக்கிறார்கள். கடை நீரில் மூழ்கிய மறுவாரம், வளைந்துபோய் விலை போகாத தண்டுகள் என்று பொய் சொல்லி இரண்டு பெட்டி நல்ல தண்டுகளைக் கொடுத்துச் சென்றார் ஒரு விவசாயி. சரக்கறையிலிருந்த புளி முழுவதும் நனைந்து கெட்டிருந்த நேரம் அது. புளிக்குப் பதிலாக அதையே நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாயும் வெந்தயமும் வெல்லமும் சேர்த்து என் மனைவி கிண்டியதுதான் அந்தத் தொக்கு. விருது வாங்கிய தட்டில் இருந்த இரண்டுமே பிறர் வீட்டு இருட்டறையில் வளர்ந்தவை என்று அவள் சொல்லிச் சிரிக்கிறாள்.

மற்றவர்களுக்கு நான் படும் கடனைத் தனித்தனியே எழுதினால் இந்த மடல் முடியாது. தன் குளிர்பதன அறையில் பாதியை எங்களுக்கு ஒதுக்கித் தந்த, அடுத்த தெருவில் உணவகம் நடத்தும், வங்கதேசத்துச் சில்ஹட் ஊர்க்கார அண்ணன். ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் வந்த குழாய்ப் பணியாளர். தரை துடைத்த லீட்ஸ் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள். எப்போது திறப்போம் என்று தெரியாமலேயே உணவுச் சீட்டுகளை முன்பணம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்கள். கணக்கை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்ற மளிகைக்காரர் ஆகிய அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 1810-இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் இந்த நாட்டின் முதல் இந்திய உணவகத்தைத் திறந்து, 1812-இலேயே நொடித்துப்போனார். ஜனவரி இரவுகளில் உறக்கம் வராதபோது எனக்கு அந்த இரண்டு ஆண்டுக் கணக்குத்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்துக் கடையில் யார் இருந்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

பெரியவர் தம் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணம் வாங்கவும் மறுத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் ஒரு நெய் ரோஸ்ட்டுக்கு மட்டும் இசைந்திருக்கிறார், பெருங்காயம் போட்ட சாம்பாரோடு. சூடேற்றி சரியாகி மூன்று வாரமாகிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அடுத்த குளிர்காலம் வரை வைத்திரு என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல், வரும் அனைவருக்கும் இட்லியும் தொக்கும் எங்கள் செலவில். ரொட்டிக்கடைக்கு வார விடுமுறை அன்றுதான் என்பதால் அந்த நாளைத் தேர்ந்தோம். மாவு இம்முறை எங்கள் அடுக்களையிலேயே பொங்கும், நீங்கள் இரண்டு மணிக்கு எழ வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். எத்தனை வாளி அரைக்கிறாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.