ஃபெர்மியின் உலை இருந்த இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? சிகாகோவில் குளிர் தொடங்கிவிட்டது. மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது, அதற்குத்தான் உடம்பு இன்னும் பழகவில்லை. மற்றபடி படிப்பு, சமையல் எல்லாம் ஒழுங்காகப் போகிறது.

ஓர் அணுக்கரு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்தடுத்த அணுக்கருக்களைப் பிளக்குமே, அந்தத் தொடர்வினை பாடம் நடத்தும்போதெல்லாம் சொல்வீர்களே, 1942 டிசம்பர் 2, இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கியது என்று? அந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் நூலகத்துக்குப் போகிறேன். அப்போது அங்கே விளையாட்டு அரங்கம் இருந்தது. பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், ஸ்குவாஷ் ஆடும் கூடத்தில், கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, நியூட்ரான்களை உறிஞ்சி வினையை அடக்கும் காட்மியம் பொருத்திய கோலை மெல்ல மெல்ல வெளியே இழுத்திருக்கிறார்கள். கிடைத்தது வெறும் அரை வாட். ஆனால் சுற்றிலும் ஊர்; உலைக்குக் கதிர்வீச்சுத் தடுப்பும் இல்லை, குளிர்விக்கும் ஏற்பாடும் இல்லை. நினைத்தாலே பகீரென்கிறது.

அந்த அரங்கம் இன்று இல்லை. உலை இருந்த இடத்தில் ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் நிற்கிறது. 12 அடி உயரம், பெயர் 'அணுசக்தி'. சரியாக 25 ஆண்டு கழித்து, 1967இல், அதே தேதியில் திறந்திருக்கிறார்கள். மேல்பாதி வழவழவென்ற உருண்டை. தள்ளி நின்றால் அணுகுண்டின் காளான் மேகம், கிட்டே போனால் மண்டையோடு. கீழ்ப்பாதியோ தூணும் வளைவுமாக, பெரிய தேவாலயத்தின் உட்புறம் மாதிரி.

எனக்கு இது பிடித்ததே அதனால்தான். சாதனை நடந்த இடமாயிற்றே, ஃபெர்மிக்கு ஒரு முழு உருவச் சிலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மின்சாரமும் ஹிரோஷிமாவும் ஒரே தொடர்வினையிலிருந்து வந்தவை என்பதை மூர் ஒரே உருவத்தில் காட்டிவிட்டார். இதன் சிறிய வடிவம் ஹிரோஷிமாவின் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. அங்கே பார்ப்பவர்களுக்கு மேல்பாதிதான் முதலில் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

2017இல், 75ஆம் ஆண்டுக்கு, சீனக் கலைஞர் சாய் குவோ-சியாங் பக்கத்து நூலகக் கூரைமேல் வண்ணப் புகையால் காளான் மேகம் எழுப்பினார். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஞாயிறு காலை 9 மணிக்கு வீடியோ காலில் வருகிறேன், அங்கே இரவு 8.30 ஆகியிருக்கும். சிற்பத்தைச் சுற்றிவந்து காட்டுகிறேன். கிராஃபைட் எப்படி நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிறது என்று அப்போது நீங்கள் இன்னொரு முறை சொல்ல வேண்டும். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்