சூரை மீனையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பசிபிக் தீவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சாலமன் தீவுகள் 2022இல் சீனாவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாட்டில் தொடங்கிப் போர்க்கப்பல்களிலேயே முடிந்துவிட்டது. அந்தத் தீவுக்காரர்கள் எதைப் பாதுகாப்பு என்கிறார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. 2018இல் நவூருவில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றத் தலைவர்கள் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: தங்களுக்கு முதல் ஆபத்து பருவநிலை மாற்றம்தான் என்று.

பிரகடனம் யாரும் எழுதலாம். ஒன்றுபட்டு நின்றால் என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் சூரை (டூனா) மீனில் காட்டினார்கள். அந்தத் தீவு நாடுகளில் ஒன்றான கிரிபாட்டியின் நிலம் 811 சதுர கிலோமீட்டர். அதற்கு உரிமையுள்ள கடலோ இந்திய நிலப்பரப்பைவிடப் பெரிது. அதைத் தனியாகக் காவல் காக்க முடியுமா? வெளிநாட்டுக் கப்பல் முதலாளிகள் தீவு தீவாகப் போய், ஒன்றைக் காட்டி மற்றொன்றிடம் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சூரை மீன்பிடியைச் சேர்ந்து நிர்வகிக்க 1982இல் பிறந்த நவூரு உடன்பாட்டில் இன்று எட்டு நாடுகள். 2007 முதல் அவை விற்பது மீனை அல்ல, மீன்பிடி நாட்களை. சுருக்குமடிக் கப்பல்கள் (நம் கரையில் சண்டையாகிப்போன அதே சுருக்குமடிதான், ஆனால் ராட்சத அளவில்) ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாள்தான் வலை விடலாம் என்று சேர்ந்து முடிவு செய்கிறார்கள். பிறகு அந்த நாட்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு நாளுக்கு 8,000 டாலருக்குக் கீழே கொடுப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டார்கள். 2010இல் எல்லோருக்கும் சேர்த்து ஏறத்தாழ 6 கோடி டாலராக இருந்த வருமானம், பத்தாண்டுக்குள் 50 கோடியை ஒட்டிப் போனது. கிரிபாட்டி, துவாலு போன்ற நாடுகளில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன.

கட்டுரையாளர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாலமனும் கிரிபாட்டியும் 2019இல் தைவானோடு இருந்த தூதரக உறவை விட்டுச் சீனாவின் பக்கம் போயின. நவூரு 2024இல் போனது. துவாலு, பலாவு, மார்ஷல் தீவுகள் தைவானோடே நிற்கின்றன. ஆனாலும் இவை எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து நாள் விலை பேசுகின்றன. சீனக் கப்பலானாலும் தைவான் கப்பலானாலும் அந்த அடிமட்ட விலைக்குக் கீழே வாங்க முடியாது. எந்த வல்லரசு யாரை வளைத்தது என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. இவர்களுக்குள் பூசல் இல்லாமலும் இல்லை. பொதுச்செயலாளர் பதவிக்கான தகராறு முற்றி, கிரிபாட்டி 2022இல் மன்றத்தைவிட்டே வெளியேறி, மறு ஆண்டு திரும்பியது. அந்தக் கோபத்திலும் சூரை உடன்பாட்டை அது உதறவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. கடல் சூடாக ஆக, சூரைக் கூட்டம் கிழக்கே நகர்ந்து இந்த நாடுகளின் எல்லையைத் தாண்டி, யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்குப் போகும் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். கரை கடலில் போனாலும் கடல் எல்லை மாறாது என்று 2021இலேயே மன்றம் அறிவித்துவிட்டது. மீனுக்கு அந்த அறிவிப்பு தெரியாதே! பொதுக்கடலில் நாள் விற்க முடியாது. அங்கே பல நாடுகள் சேர்ந்து முடிவெடுக்கும் மீன்பிடி ஆணையத்தில் பெரிய கப்பல் நாடுகளோடு மல்லுக்கட்டித்தான் எதையும் வாங்க வேண்டும். புகை விட்ட நாடுகள் அந்த நஷ்டத்துக்கு என்ன ஈடு தரும் என்று அடுத்த கட்டுரையிலாவது கேளுங்கள்.

வாசகர்,
நாகர்கோவில்