செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: முர்னாவின் ‘டெர் லெட்ஸ்டே மான்’ நூற்றாண்டு

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விடுதியின் முதிய வாயிற்காவலர் ஒருவர் சீருடையை இழந்து கழிப்பறைப் பணிக்குப் பதவியிறக்கப்படும் கதையைச் சொல்லும் ஜெர்மன் மௌனப் படம், எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய ‘டெர் லெட்ஸ்டே மான்’ (கடைசி மனிதர்). அது பெர்லினில் 1924 டிசம்பர் 23 அன்று திரைக்கு வந்தது. நூறாண்டு நிறைவையொட்டி, நமது திரைப்படச் சங்கத்தின் இவ்வாண்டுப் பணி பெரும்பாலும் இந்த ஒரு படத்தைப் பற்றியே அமைந்தது. திரையிட விரும்பும் பிற சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால், முக்கியக் குறிப்புகளை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் பிரதி. ‘தி லாஸ்ட் லாஃப்’ என்ற அமெரிக்கப் பெயரில் கிடைப்பதும் இதே படம்தான். ஆனால் அதே காட்சித்துண்டுகள் அல்ல. அக்காலத்தில், திரையிடும் பிரதிகளை அச்சிட உதவும் மூலச் சுருளான நெகட்டிவிலிருந்து இன்னொரு நெகட்டிவை நகலெடுத்தால் தரம் குறைந்து வரும். எனவே ஜெர்மனிக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, பிற நாடுகளுக்கு ஒன்று என மூன்று நெகட்டிவ்களைப் படத் தயாரிப்பு நிறுவனமான உஃபா தயாரித்தது. ஒரே காட்சிக்குக் கேமரா கோணமும் நடிப்பும் பிரதிக்குப் பிரதி மாறும். லூசியானோ பெரியாத்துவா சீரமைத்த ஜெர்மன் பதிப்பையே கேட்டு வாங்க வேண்டும். ஜுசெப்பே பெச்சேயின் மூல இசையை டெட்லெவ் கிளானெர்ட் இசைக்குழுவுக்கென அமைத்துத் தந்ததும் அதனுடன் கிடைக்கிறது.

அடுத்தது வேகம். இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜெர்மன் பதிப்பின் நீளம் 2,036 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 52.5 ஃபிரேம் (சுருளிலுள்ள தனித்தனிப் படம்) என்று வைத்தால், நொடிக்கு 20 ஃபிரேமில் 89 நிமிடம் ஓடும்; 24-இல் ஓட்டினால் 74 நிமிடத்தில் முடிந்துவிடும். வாயிற்காவலராக நடித்த எமில் யானிங்ஸுக்கு அப்போது வயது 40தான். முதிய வாயிற்காவலரின் தள்ளாமையை அவர் முழுக்க நடையிலும் முதுகின் கூனலிலும் காட்டுகிறார். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அந்த நடை கோமாளித்தனமாகிவிடும். டிஜிட்டல் கோப்பு 24 ஃபிரேமில் இருந்தும் படம் 89 நிமிடம் ஓடினால், ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இருமுறை வருகிறது என்று பொருள்; கேமரா நகரும் ஷாட்களில் அது மெல்லிய குலுங்கலாகத் தெரியும்.

புரொஜெக்டரை 4:3 விகிதத்தில் வைத்து, திரையின் இரு ஓரங்களையும் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். 16:9 திரையை நிரப்பப் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். சீருடைத் தொப்பியே போய்விடும். கதையே அந்தச் சீருடையில்தான் இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்டின் வேலை குறித்த அமர்வுக்கு வரவேற்பு அதிகம். தொடக்கக் காட்சியில் கேமரா லிஃப்டில் இறங்கி, விடுதிக் கூடத்தைக் கடந்து சுழல் கதவை நோக்கிச் செல்கிறது. கேமராவைச் சைக்கிளில் பொருத்தி எடுத்தார்கள். குடிபோதைக் காட்சிக்குக் கேமராவை மார்பில் கட்டிக்கொண்டு, எடை சமமாகப் பேட்டரியை முதுகில் சுமந்து ஃப்ராய்ண்டே தள்ளாடினார். கையால் சுழற்றும் கேமராவை வைத்துக்கொண்டு இப்படி நடமாட முடியாது; மோட்டார் இருந்ததால்தான் முடிந்தது.

ராபர்ட் ஹெர்ல்த், வால்டர் ரோரிக் இருவரும் அமைத்த அரங்குகளையும் கவனிக்க வேண்டும். சுழல் கதவுக்கு அப்பால் தெரியும் தெரு ஸ்டுடியோவுக்குள் கட்டப்பட்டது. தொலைவு செல்லச் செல்லக் கட்டடங்களின் அளவைக் குறைத்து ஆழம் காட்டியிருக்கிறார்கள்.

திரைக்கதை கார்ல் மாயர். கதை நடுவே உரையாடல் அட்டையே கிடையாது. பதவியிறக்கக் கடிதமும் கடைசிப் பகுதியில் செய்தித்தாளும் மட்டும் முக்கியமாகப் படிக்க வேண்டியவை. விடுதியின் மிக மூத்த ஊழியர் முதியோர் இல்லத்துக்குப் போனதால் காலியான கழிப்பறைப் பணி இவருக்குத் தரப்படுகிறது என்கிறது கடிதம். கேமரா வரிகளின் மேல் நின்று வாசிக்கிறது. கிழவரின் கதை நியாயமாக இங்கேயே முடிய வேண்டும், ஆசிரியர் இரங்கி முடிவுரை சேர்த்தார் என்று சொல்லும் ஒரே அட்டை அதற்கு வெகுநேரம் கழித்தே வருகிறது. இவற்றின் தமிழாக்கத்தை ஒரு தாளில் அச்சிட்டு முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது. படத்தின் மீது வசன எழுத்து ஓட்டுவதைச் செயற்குழு ஏற்கவில்லை. என் கருத்தும் அதுவே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வரும் ஆண்டுக்கு, முர்னாவ், மாயர், ஃப்ராய்ண்ட், யானிங்ஸ் மீண்டும் ஒன்றுசேர்ந்த ‘டார்டுஃப்’ படத்தைப் பரிந்துரைக்கிறோம். பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்